பதற்றம் என்பது உண்மையிலேயே நோய்தானா?

பதிவு 1 – கேள்விக்கணை

நெடுநாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன். யாரையும் புண்படுத்துவது என் நோக்கமன்று. ஒரு நிறுவனத்தில் பணியாளர் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். முன்பெல்லாம் ஒருவர் கூட்டத்தில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பார், இன்னொருவர் வேலை போய்விடுமோ என்று உறக்கம் வரவில்லை என்பார், மற்றொருவர் மேலாளரின் அறைக்குள் நுழைவதற்கே கால் பின்னுகிறது என்பார். இப்போது மூவருமே பதற்றம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லால் "எனக்கு ஆன்சைட்டி இருக்கிறது" என்கிறார்கள். அந்தச் சொல் வந்து விழுந்த பிறகு பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. மேற்கொண்டு ஏதாவது கேட்டால் கல்நெஞ்சன் என்ற பெயர்தான் மிச்சம்.

இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது, அவரவர் வாய்மொழியே சான்று என்னும்போது இதை நீரிழிவோடும் காசநோயோடும் ஒரே வரிசையில் வைப்பது எப்படிச் சரியாகும்? அஞ்சுவதும் கவலைப்படுவதும் மனிதராகப் பிறந்த எவருக்கும் உள்ளவை. இயல்பாக இருப்பதற்கு நோய் என்று பெயர் சூட்டி, மருந்தும் கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்பதே என் கேள்வி.

பதிவு 2 – நாடிக்குறிப்பு

ஐயா, பொது மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தாங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். பதற்றக் கோளாறு என்று ஒன்று உண்டா என்பது ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிற எல்லோருக்கும் அது இருக்கிறதா என்பது வேறு. முதலாவதற்கு உண்டு என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் சொல்வேன்.

பரிசோதனையில் தெரியவில்லை என்பதற்காக ஒன்று நோயில்லாமல் போய்விடாது. ஒற்றைத் தலைவலியை உறுதிசெய்யவும் இரத்தப் பரிசோதனை கிடையாது. வலி எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதா, குமட்டல் உண்டா என்று கேட்டுத்தான் முடிவுக்கு வருகிறோம். பதற்றத்துக்கும் அப்படித்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களைக் கண்டறியும் வரையறைகளைத் தொகுத்த டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, பொதுப் பதற்றக் கோளாறு என்று சொல்ல வேண்டுமானால், பல விஷயங்களைப் பற்றிய மிதமிஞ்சிய கவலை குறைந்தது 6 மாதங்களாவது பெரும்பாலான நாட்களில் இருந்திருக்க வேண்டும். அதைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருக்க வேண்டும். நிலைகொள்ளாமை, எளிதில் களைப்பு, கவனம் நிலைக்காமை, எரிச்சல், தசை இறுக்கம், உறக்கக் கேடு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று கூடவே இருக்க வேண்டும். இவற்றால் அன்றாட வாழ்க்கையோ வேலையோ குலைந்திருக்க வேண்டும், அல்லது தாங்க முடியாத துன்பமாவது இருக்க வேண்டும். தேர்வுக்கு முன்னால் வயிற்றைக் கலக்குவது இந்த வாசலையே தாண்டாது.

என்னிடம் வருகிறவர்களில் பலர் பதற்றம் என்று சொல்லிக்கொண்டு வருவதே இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று வருவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வலக்கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டைத் தேடிப்போய் நாடியின்மேல் உட்கார்ந்துவிடும்; அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. இ.சி.ஜி. சீராக இருக்கிறது என்று சொன்னதும் முகம் தெளியும். வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து, "எடுத்தபோது சீராக இருந்தது, இப்போது எப்படியோ?" என்று கேட்பார்கள். ஆனால் இதே படபடப்பைத் தைராய்டு மிகையாகச் சுரப்பதும், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும், அட்ரினல் சுரப்பியில் அரிதாக வரும் ஒரு கட்டியும், ஏன், அளவு மீறிய காபியும்கூட உண்டாக்கும். அவற்றை முதலில் தள்ளிவிட்டுத்தான் பதற்றக் கோளாறு என்ற பேச்சுக்கே வர வேண்டும். முத்திரையை அவசரமாகக் குத்தினால் தைராய்டு நோய் தப்பிப் போய்விடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பதிவு 3 – வெண்தாழை

முதல் பதிவை எழுதிய ஐயாவுக்குக் கோபமில்லாமல் பதில் எழுத முயல்கிறேன். எனக்குப் பீதிக் கோளாறு என்று கண்டறியப்பட்டுச் சிகிச்சையும் முடிந்துவிட்டது.

வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். அச்சப்பட எதுவும் இருக்காது. திடீரென்று மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடுவது போலிருக்கும். விரல் நுனிகள் மரத்துப்போகும். சுற்றியிருப்பவர்களின் குரல்கள் கண்ணாடிக்கு அப்பால் கேட்பது போல விலகிப்போகும். இன்னும் சிறிது நேரத்தில் செத்துவிழுவோம் என்பது உறுதியாகத் தெரியும். நான் "தெரியும்" என்றுதான் சொல்கிறேன், "தோன்றும்" என்று சொல்லவில்லை. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் பிறகு வடியும். அந்தச் சில நிமிடங்களைவிட, அவை மறுபடி வருமோ என்று காத்திருந்த காலம்தான் என்னைத் தின்றது. முதலில் மின்தூக்கியைத் தவிர்த்தேன். பிறகு பேருந்து. பிறகு கதவுக்கு அருகில் இருக்கை கிடைக்காத எந்த அறையும் வேண்டாம் என்றானது. கைப்பையில் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் வெளியே கால் வைக்க மாட்டேன். அதைக் குடித்ததே இல்லை, இருந்தால் போதும்.

எனக்குச் சிகிச்சை தந்த உளவியலாளர் ஆறுதல் சொல்லவில்லை. சுழல் நாற்காலியில் உட்கார வைத்துத் தலை கிறுகிறுக்கும் வரை சுற்றச் சொன்னார். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். எந்த உணர்வுகளுக்கு அஞ்சி ஓடினேனோ அவற்றை வேண்டுமென்றே வரவழைத்து, அவை வந்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பே கண்டுகொள்ளும்படி செய்வதுதான் அந்த முறை. கடைசியில் தண்ணீர்ப் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேருந்து ஏறச் சொன்னார். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

பதிவு 4 – பழஞ்சுவடி

கேள்விக்கணை அவர்களின் ஐயத்துக்கு வரலாற்றில் கொஞ்சம் இடமிருக்கிறது. வெண்தாழை அம்மையார் விவரித்ததற்கும் அதே வரலாற்றில் இடமிருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜேக்கப் மென்டிஸ் டா காஸ்டா என்ற மருத்துவர், நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சுத்திணறலும் கொண்ட, ஆனால் இதயத்தில் குறையேதும் தென்படாத படைவீரர்களைப் பற்றி 1871இல் எழுதினார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் எரிச்சலுற்ற இதயம் என்று பொருள்படும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜார்ஜ் பியர்ட் என்பவர் களைப்பு, தலைவலி, கவலை எல்லாவற்றையும் சேர்த்து நரம்புத் தளர்ச்சி என்ற ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தார். அந்த மூட்டையிலிருந்து பதற்றத்தை மட்டும் 1895இல் தனியாகப் பிரித்தெடுத்தவர் சிக்மண்ட் ஃபிராய்டு. 1960களின் தொடக்கத்தில் டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து திடீர்ப் பீதியைத் தணிக்கிறது, ஆனால் அது மறுபடி வருமோ என்ற நெடுங்கவலையை அதே அளவுக்குத் தணிப்பதில்லை என்று கவனித்தார். இரண்டும் ஒன்றல்ல என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்று, 1980இல் வெளிவந்த, அதே கையேட்டின் முந்தைய பதிப்பான டி.எஸ்.எம்.-3இல் பீதிக் கோளாறும் பொதுப் பதற்றக் கோளாறும் தனித்தனி நோய்களாயின. பதற்ற மாத்திரைகளின் விளம்பரம் பிறப்பதற்கு முன்பே போர்க்களத்து மருத்துவர் ஒருவர் இதைக் கண்டிருக்கிறார் என்பதால், இது நம் காலத்துச் சொகுசு என்ற வாதம் நிற்காது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1955இல் மெப்ரோபமேட், 1960இல் குளோர்டயாசிபாக்சைடு, 1963இல் டயாசிபாம் என்று அமைதிப்படுத்தும் மாத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. கணவனோடு பிணக்கு, வேலையில் சலிப்பு என்று வந்தவர்களுக்கெல்லாம் அவை எழுதிக் கொடுக்கப்பட்டன. 1999இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, பரோக்செட்டின் என்ற மருந்தைச் சமூகப் பதற்றக் கோளாற்றுக்கு அனுமதித்தது. அதன்பின் அதுவரை பலர் கேள்விப்பட்டிராத அந்த நோயின் பெயர் தொலைக்காட்சி விளம்பரம்வரை வந்துவிட்டது. நோயை யாரும் கண்டுபிடித்து விற்கவில்லை. அதன் எல்லைக்கோட்டைத் தள்ளித் தள்ளி விற்றார்கள். இதைக் குறித்து எனக்குக் கோபம் உண்டு.

பதிவு 5 – கேள்விக்கணை

நன்றி, பழஞ்சுவடி. தாங்கள் சொன்னதோடு நான் தேடிப் பார்த்த ஒன்றையும் சேர்க்கிறேன். 1980இல் பொதுப் பதற்றக் கோளாற்றுக்கு 1 மாதம் போதும் என்று வைத்திருந்தார்கள். 1987 திருத்தத்தில் அது 6 மாதம் ஆயிற்று. இரண்டு மாதங்களாகத் தவித்த ஒருவர் ஒரு பதிப்பின்படி நோயாளி, அடுத்த பதிப்பின்படி நோயாளி அல்லர். அவர் உடம்பில் ஓர் அணுவும் மாறவில்லை. குழு கூடிப் பேசி முடிவெடுக்கிற ஒன்றை அறிவியல் உண்மை என்று நான் எப்படி ஏற்பது? வெண்தாழை அம்மா பட்ட துன்பத்தை ஐயப்படவில்லை. அவருடைய துன்பமும், வாராந்திரக் கூட்டத்துக்கு வர விரும்பாதவரின் தயக்கமும் ஒரே பெயரில் என் மேசைக்கு வருவதைத்தான் கேட்கிறேன்.

பதிவு 6 – நாடிக்குறிப்பு

எல்லைக்கோட்டை மனிதர்கள்தான் வரைகிறார்கள், ஐயா, அதில் மறுப்பில்லை. உயர் இரத்த அழுத்தம் 140/90இலிருந்து தொடங்குகிறது என்றிருந்ததை 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 130/80 என்று இறக்கின. ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் நோயாளிப் பட்டியலில் சேர்ந்தார்கள். அதற்காக இரத்த அழுத்தம் பக்கவாதத்தைக் கொண்டுவராது என்று யாரும் சொல்வதில்லை. கோடு எங்கே என்பது தீர்ப்பு. கோட்டுக்கு வெகுதூரம் அப்பால் இருப்பவரின் நிலை தீர்ப்பல்ல.

உடலியல் அடிப்படைக்கு வருகிறேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பொதுப் பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுவால் ஆனது என்று காட்டுகின்றன. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் ஆய்வுகளில் குறிக்கப்படும் ஒரு பெண்மணிக்கு, அரிய நோயொன்றால் மூளையின் இருபுறமும் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி அழிந்துவிட்டது. பாம்பைக் கையில் பிடிப்பார். அச்சமென்பதே அறியாதவர் என்று எழுதப்பட்டவர். 2013இல் வெளியான ஆய்வில், அவரையும் அதே நோயுள்ள வேறு இருவரையும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒருமுறை சுவாசிக்கச் செய்தபோது மூவருக்கும் கடும் பீதி வந்தது. வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் கண்டு அஞ்சும் வழி வேறு, உடம்பின் உள்ளிருந்து எழும் மூச்சுமுட்டல் எச்சரிக்கையின் வழி வேறு என்று இதிலிருந்து ஊகிக்கலாம். வெண்தாழை அவர்களுக்கு வரிசையில் அச்சப்பட எதுவும் இல்லாமலே பீதி வந்ததை, "நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்று தள்ள முடியாததற்கு இது ஒரு காரணம்.

தங்கள் பக்கத்துக்கு வலுச்சேர்க்கும் கணக்கையும் நானே தருகிறேன். இணையத்தில் பலர் தாங்களே நிரப்பிப் பார்க்கும் ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் படிவம் 2006இல் வந்தது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்டு 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அந்த மட்டத்தில், நோயுள்ளவர்களில் 89 சதவீதத்தினரைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 82 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும். நன்றாகத்தான் தோன்றுகிறது. 1,000 பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 44 அல்லது 45 பேரைப் படிவம் பிடிக்கும். மீதி 950 பேரில் 171 பேரையும் சேர்த்தே பிடிக்கும். அதாவது 10ஐ எட்டிய ஐவரில் ஏறத்தாழ நால்வருக்கு அந்த நோய் இல்லை! படிவத்தின் குற்றமல்ல இது. அது சல்லடை, மருத்துவர் உட்கார்ந்து கேட்பதற்கு முந்தைய படி. முந்தைய படியையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணின் படத்தை நண்பர்களுக்கு அனுப்புகிற இடத்தில்தான் தாங்கள் சொல்லும் மிகை பிறக்கிறது.

பதிவு 7 – கரும்பலகை

பதின்பருவ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். இந்த மிகை வெறும் சொல்லளவில் நின்றுவிட்டால் எனக்குக் கவலையில்லை. அது மேற்கொண்டு வேலை செய்கிறது என்பதே என் வருத்தம்.

லூசி ஃபௌல்க்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர்கள் 2023இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். மனநல விழிப்புணர்வு பெருகப் பெருக, மிதமான சங்கடத்தையும் சிலர் நோயாகவே அடையாளம் காணத் தொடங்குகிறார்கள். அப்படி அடையாளம் கண்டபின் தங்களைப் பற்றிய எண்ணமும் நடத்தையும் மாறி, அந்தச் சங்கடமே வளர்ந்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். முழுதும் நிறுவப்பட்டதன்று, ஆனால் என் வகுப்பறையில் இதற்கு ஒத்துப்போகிற காட்சியைப் பார்க்கிறேன். வகுப்பின் முன் நின்று பேச ஒரு மாணவி தயங்குவாள். பதற்றம் என்று ஒரு கடிதம் வரும். நாங்களும் இரக்கப்பட்டு விலக்கு அளிப்போம். அன்று அவளுக்கு எவ்வளவு நிம்மதி! அடுத்த பருவத்தில் பேச வேண்டாம் என்பது, குழுவில் சேர வேண்டாம் என்றாகும். அதற்கடுத்து உணவு இடைவேளையில் நூலகத்திலேயே இருந்துவிடுகிறேன் என்றாகும்.

வெண்தாழை அம்மா மின்தூக்கியில் தொடங்கிப் பேருந்துவரை விவரித்தது இதே பாதைதான். தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த தவிர்ப்புக்குக் கூலியாகிறது. முத்திரை தவிர்ப்பதற்கான அனுமதிச் சீட்டாக மாறும்போது, நோய் செய்கிற வேலையை முத்திரை செய்யத் தொடங்குகிறது. எல்லா மாணவர்களுக்கும் ஒரே மருந்தாக மனநலப் பாடம் நடத்துவதும் எதிர்பார்த்த பலன் தரவில்லை. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த மைரியட் ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தபோது, மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும், நிகழ்கணத்தில் கவனம் வைக்கும் பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான பாடம் படித்தவர்களைவிட மேலான மனநலத்தோடு இருக்கவில்லை என்று தெரிந்தது.

பதிவு 8 – வெண்தாழை

கரும்பலகை அவர்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, எல்லாம் மிகைதான்" என்று யாராவது முடிவுக்கு வந்தால் நட்டம் யாருக்கென்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பீதிக் கோளாறு என்று ஒருமுறை உறவினர் ஒருவரிடம் சொன்னபோது, "அது இப்போது எல்லோருக்கும் இருக்கிறதே" என்றார். எல்லோருக்கும் இருப்பதற்கு எதற்குச் சிகிச்சை என்று அதன்பின் மருத்துவரிடம் போவதை நான் வெகுகாலம் தள்ளிப்போட்டேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் 30 கோடியே 10 இலட்சம் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. முத்திரை தேவையில்லாதவர்களிடம் அது தாராளமாகப் புழங்குகிறது. தேவைப்படுகிறவரோ அதை உச்சரிக்கவே கூசிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார். சத்தமாகச் சொல்கிறவர்களைத்தான் கேள்விக்கணை ஐயா தம் மேசையில் சந்திக்கிறார். என்னைப் போன்றவர்கள் அவர் மேசைக்கு வருவதற்குமுன்பே வேலையை விட்டிருப்பார்கள்.

பதிவு 9 – கேள்விக்கணை

கடைசி வரி என்னை யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் திங்கட்கிழமை காலையில் ஒருவர் வந்து "எனக்கு ஆன்சைட்டி, கூட்டங்களில் கலந்துகொள்ள இயலாது" என்று சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? நான் மருத்துவன் அல்லன். நோயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒப்புக்கொண்டால் கரும்பலகை அவர்கள் சொன்ன பாதையில் தள்ளிவிடுவேன். மறுத்தால் வெண்தாழை அவர்களின் உறவினராகிவிடுவேன்.

பதிவு 10 – நாடிக்குறிப்பு

தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட்டு, "இதனால் எவையெவற்றைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள், எவ்வளவு காலமாக?" என்று கேளுங்கள். அந்தக் கூட்டம் ஒன்றுதான் சிக்கல் என்றால் காரணம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கக்கூடும். எல்லோர் முன்னும் ஒருவரைச் சிறுமைப்படுத்தும் மேலாளர் இருந்தால் அதற்குத் தேவை மருத்துவர் அல்லர், தாங்கள்தான். வாழ்க்கையே ஒவ்வொரு பக்கமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதுவரை தருகிற சலுகை முழு விலக்காக இல்லாமல் படிகளாக இருக்கட்டும்: முதலில் கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை, பிறகு எழுதி வந்ததை இரண்டு நிமிடம் வாசிக்கலாம், எப்போது மறுபரிசீலனை என்பதும் தொடக்கத்திலேயே முடிவாகியிருக்கட்டும். நோயுள்ளவருக்கு இது சிகிச்சையின் திசையிலேயே செல்லும். வெறும் கூச்சம் உள்ளவருக்கும் கெடுதலில்லை.

பதிவு 11 – ஆற்றோரம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் என்று எழுதித் தந்த அல்ப்ரசோலம் மாத்திரையை என் தந்தை சில ஆண்டுகளாகவே எடுத்துக்கொள்கிறார். அதை ஒரு நாள் விட்டாலும் கை நடுங்குகிறது. மாத்திரையை விட்டால் நோய் தலைதூக்குகிறதே, ஆகவே நோய் உண்மைதானே என்று அவர் வாதிடுகிறார். இந்த இழையைக் காட்டி நிறுத்தச் சொல்லலாமா?

பதிவு 12 – நாடிக்குறிப்பு

தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த நடுக்கம் நோயின் சான்றாகவும் இருக்கலாம், மருந்துக்கு உடம்பு பழகிப்போனதன் விளைவாகவும் இருக்கலாம். அல்ப்ரசோலம் அடங்கிய பென்சோடயசிபின் வகை மருந்துகளில் இரண்டாவது மிகச் சாதாரணம். உடற்சார்பையும் விலகல் விளைவுகளையும் பற்றி அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் இந்த வகை முழுவதற்கும் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நெடுநாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதித் தந்த மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அவரை அழைத்துச் சென்று, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சிறிது சிறிதாக அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நெடுநாள் பதற்றத்துக்கு இப்போது முதலில் எழுதப்படுபவை மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த வேறு மருந்துகள். அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், தொடக்கத்தில் படபடப்பு சற்றே கூடவும் செய்யலாம் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான்காம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார். அளவு முழுதும் குறைந்து உடம்பு பழகிய பிறகு எஞ்சியிருப்பது எவ்வளவு என்று பார்த்தால்தான், அவருக்கு அடியில் இருப்பது பதற்றக் கோளாறா என்பதை எவராலும் சொல்ல முடியும்.